ஊர் கூடி வரைந்த பூங்கா

நுழையும்முன்

நகரம் வளர்கிறது என்று சொல்லும்போது கட்டடங்களின் உயரத்தையே பெரும்பாலும் எண்ணுகிறோம். அக்கட்டடங்கள் எழுந்த இடத்தில் முன்பு யார் குடியிருந்தனர், அவர்கள் இப்போது எங்கே சென்றனர் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. ஜெர்மனியின் துறைமுக நகரம் ஒன்றில், கலைஞர்கள் சிலர் தம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து அந்த வினாவை எழுப்பினர். உரையாடலையே கருவியாகக் கொண்டு அவர்கள் மேற்கொண்ட முயற்சியையும், அதன் வெற்றியையும், அதில் எஞ்சிய சிக்கலையும் இப்பாடம் விளக்குகிறது.

கயிறு திரித்தோர் ஊர்

எல்பே ஆற்றங்கரையில் அமைந்த ஹாம்பர்க், ஜெர்மனியின் மிகப்பெரிய துறைமுக நகரம். கடல் அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. எனினும் ஆற்றின் வழியே பெருங்கப்பல்கள் நகருக்குள்ளேயே வந்து நிற்கும். அந்நகரின் பழைய மதிலுக்கு வெளியே, ஆற்றை நோக்கிச் சரியும் மேட்டுநிலத்தில் உருவான பகுதிதான் சாங்க்ட் பவுலி.

மதிலுக்கு வெளியே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நகரத்தார் தம் நடுவே வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்களையெல்லாம் அங்கேதான் அனுப்பினர். திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தவர்களின் கொட்டில்கள் அங்கிருந்தன. கொள்ளைநோய் கண்டவர்களுக்கான மனையும் அங்கிருந்தது. கப்பல்களுக்கு வேண்டிய வடக்கயிற்றைத் திரிப்பதற்கு நீண்ட, நேரான வெளி தேவை. கயிறு திரிப்போரும் மதிலுக்கு வெளியே குடியேறினர். இன்று உலகெங்கும் கேளிக்கைத் தெருவாக அறியப்படும் ரீப்பர்பானின் பெயருக்குக் கயிறு திரிப்போரின் பாதை என்பதே பொருள். பெயரில் மட்டும் அத்தொழில் எஞ்சியிருக்கிறது.

பின்னர்த் துறைமுகத் தொழிலாளர், மாலுமிகள், சிறுவணிகர், இசைக்கலைஞர் எனப் பலரும் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். 1960களின் பிற்பகுதியில் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிவரும் பெருங்கப்பல்கள் வரத் தொடங்கின. மூட்டைகளைத் தோளில் சுமந்து இறக்கிய வேலை குறைந்தது; புதிய துறைகள் ஆற்றின் தென்கரையில் எழுந்தன. வடகரையில் இருந்த தொழிலாளர் வீடுகள் பராமரிப்பின்றிப் பழுதடைந்தன. வாடகையும் குறைவாகவே இருந்தது. குறைந்த வாடகையை நாடி, துருக்கி முதலிய நாடுகளிலிருந்து வந்த உழைப்பாளர் குடும்பங்களும், மாணவரும், ஓவியரும், இசைக்குழுவினரும் அங்கே வந்தனர். ஏறத்தாழ 2.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் 20,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நெருக்கமான பகுதி அது. மரமும் புல்வெளியும் அங்கே அரிதாகவே இருந்தன.

ஒரு காலத்தில் வேண்டாதவரை அனுப்பிவைத்த மேட்டுநிலம், ஆற்றையும் கப்பல்களையும் பார்த்தபடி அமைந்த அருமையான மனையாக 1980களில் பலர் கண்ணுக்கும் தெரியத் தொடங்கியது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சொல்லின் பிறப்பு

இத்தகைய மாற்றத்துக்கு ஒரு பெயர் சூட்டியவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலறிஞர். பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் குடியேறி ஆய்வு செய்தவர். இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் நடுத்தர வகுப்பினர் ஒவ்வொருவராக வந்து, பழைய சிறு வீடுகளை வாங்கிப் புதுக்கி, விலைமிக்க இல்லங்களாக மாற்றுவதை அவர் கண்டார். ஓர் இடத்தில் இது தொடங்கிவிட்டால், முன்பிருந்த உழைப்பாளர் அனைவரும் அல்லது பெரும்பாலோர் வெளியேறும்வரை விரைந்து நடக்கும் என்று 1964ஆம் ஆண்டு எழுதினார். ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்பது அவர் ஆக்கிய சொல். மேட்டுக்குடியினரைக் குறிக்கும் ‘ஜென்ட்ரி’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து சற்று எள்ளலோடு அதை அவர் உருவாக்கினார். தமிழில் மேட்டுக்குடியாக்கம் எனலாம்.

இதனை யாரும் தடியெடுத்து விரட்டும் வெளியேற்றமாகக் கொள்ளக் கூடாது. அப்படி விரட்டினால் எதிர்ப்பதற்கு ஒரு முகமாவது கிடைக்கும். மேட்டுக்குடியாக்கம் சிறுசிறு முடிவுகளால் நடைபெறுவது. வீட்டு உரிமையாளர் கட்டடத்தை விற்கிறார், வாங்கியவர் புதுப்பிக்கிறார், புதுப்பித்த செலவு வாடகையில் ஏறுகிறது. வாடகை கொடுக்க இயலாத முதியவர் நகரின் ஓரத்தில் மகள் வீட்டுக்குச் செல்கிறார். அவர் ரொட்டி வாங்கிய கடைக்கு வணிகம் குறைகிறது. அக்கடை மூடப்பட்டு, அங்கே விலையுயர்ந்த காப்பிக் கடை வருகிறது. அதைப் பார்த்து அடுத்த கட்டடத்தின் விலை ஏறுகிறது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியே பார்த்தால் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆயினும் பத்தாண்டுகளில் ஓர் ஊரே இடம் மாறிவிடுகிறது.

இந்தச் சங்கிலியில் கலைஞர்களுக்கும் ஓர் இடம் உண்டு. குறைந்த வாடகைக்காக ஒரு பகுதிக்கு முதலில் வருபவர்களுள் அவர்களும் அடங்குவர். அவர்கள் வந்தபின் சுவர்களில் ஓவியங்கள் தோன்றுகின்றன. சிறு அரங்குகளில் இசை ஒலிக்கிறது. இதழ்கள் அப்பகுதியைப் பற்றி எழுதுகின்றன. பிறகு பணமுடையோர் வருகின்றனர். கலைஞர் தாம் விரும்பாமலே விலையேற்றத்தின் முன்னோடியாகிவிடுகிறார். இறுதியில் அவரும் வெளியேற நேர்கிறது. சாங்க்ட் பவுலியின் கலைஞர்கள் இதனை உணர்ந்திருந்தனர் என்பதே அவர்களைப் பற்றிப் படிக்கத் தூண்டுகிறது.

ஆற்றங்கரையில் ஓர் எஞ்சிய நிலம்

1980களில் சாங்க்ட் பவுலியின் துறைமுகத் தெருவில் இடிக்கப்படவிருந்த வீடுகளில் இளைஞர்கள் குடியேறினர். அவர்களை வெளியேற்ற நகர நிருவாகம் முயன்றபோது, 1987ஆம் ஆண்டு தெருவில் தடுப்பரண்கள் எழுந்தன, காவல்படை குவிந்தது. இறுதியில் ஒப்பந்தத்தின் வாயிலாக மோதல் தவிர்க்கப்பட்டது. அவ்வீடுகள் பின்னர்க் கூட்டுறவு அமைப்பு ஒன்றிடம் சேர்ந்தன. இந்த நினைவு இரு தரப்பாரிடமும் நீங்காமல் இருந்தது.

அதே தெருவை ஒட்டி, ஆற்றைப் பார்த்தபடி ஒரு திறந்தவெளி எஞ்சியிருந்தது. அங்கே கட்டடங்களை எழுப்ப நிருவாகம் திட்டமிட்டது. ஆற்றின் காட்சியை மறைக்கும் சுவர்போல அவை அமையும் என்றும், மூச்சுவிட இடமில்லாத பகுதிக்குப் பூங்காவே வேண்டும் என்றும் குடியிருப்போர் 1994ஆம் ஆண்டு முதல் வற்புறுத்தினர். அப்பகுதியின் தேவாலயம், பள்ளி, சமூக மையம், இசை மன்றம், கடைக்காரர்கள், முன்பு வீடுகளில் குடியேறிய இளைஞர்கள் எனத் தம்முள் பலவகையில் வேறுபட்டவர்கள் இதில் ஒன்றுபட்டனர். கேத்தி ஸ்கீன், கிறிஸ்டோஃப் ஷேஃபர் என்னும் கலைஞர்கள் அவர்களோடு இணைந்தனர். திரைப்பட இயக்குநர் மார்கிட் செங்கியும் சேர்ந்தார்.

பொது இடங்களில் கலைப்படைப்புகளை அமைப்பதற்கென ஹாம்பர்க் நகரம் நிதி ஒதுக்கிவந்தது. சதுக்கத்தின் நடுவே ஒரு சிலையை நிறுவுவதற்கு அந்நிதி பயன்படுவது வழக்கம். இக்கலைஞர்களோ, ஊர்மக்கள் கூடிப் பூங்காவைத் திட்டமிடும் செயலையே கலைப்படைப்பாக முன்வைத்தனர். இம்முயற்சிக்குப் ‘பார்க் ஃபிக்‌ஷன்’ எனப் பெயரிட்டனர். கற்பனைப் பூங்கா என அதனைத் தமிழில் சொல்லலாம். நிலம் அவர்கள் கையில் இல்லை, இசைவும் இல்லை. இருந்தும் பூங்கா உறுதியாகிவிட்டதுபோல வேலையைத் தொடங்கினர். அப்பெயரில் உள்ள துணிச்சல் அதுதான்.

பெட்டியோடு வந்த வினாக்கள்

ஒரு நகரத்தில் புதிய கட்டடம் எழுவதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்கும் முறை பல நாடுகளில் சட்டப்படியே உள்ளது. வரைபடம் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும், குறிப்பிட்ட நாளுக்குள் மறுப்பைத் தெரிவிக்கலாம், கூட்டம் நடைபெறும். ஆனால் அந்த வரைபடத்தைப் படிப்பதற்கே பயிற்சி வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசுவோர் பெரும்பாலும் பேசிப் பழகியவர்களே. இரவு வேலைக்குச் செல்பவர், மொழி சரளமாக வராதவர், சிறுவர், வீட்டைவிட்டு வெளியே வர இயலாத மூதாட்டி ஆகியோரின் குரல் அங்கே ஒலிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டம் முன்பே முடிவாகிவிட்டது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே மக்களுக்கு எஞ்சும் சொல்.

பார்க் ஃபிக்‌ஷன் குழுவினர் வரிசையை மாற்றினர். திட்டம் தோன்றுவதற்கு முன்பே உரையாடல் தொடங்கியது. எடுத்துச் செல்லத்தக்க பெட்டி ஒன்றை அவர்கள் உருவாக்கினர். அதில் வினாப்படிவங்களும், மடித்து வைக்கும் பகுதி வரைபடமும், மாதிரி செய்வதற்கான களிமண்ணும், உடனே படம் தரும் போலராய்டு நிழற்படக் கருவியும் இருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகச் சென்றனர். எழுதத் தயங்கியவர் களிமண்ணில் செய்து காட்டினார்; பேசத் தயங்கிய சிறுவன் வரைந்து காட்டினான். நள்ளிரவில் ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றினால் அதைச் சொல்லவும் ஒரு தொலைபேசி எண் இருந்தது. பூங்காக்களின் வரலாற்றைப் பற்றி விளக்கப்படங்களோடு உரைகள் நிகழ்த்தப்பட்டன. தோட்டக்கலை நூல்களைக் கொண்ட சிறு நூலகமும் அமைக்கப்பட்டது. விருப்பத்தைக் கேட்பதற்கு முன், விரும்பக்கூடியவை எவையெவை என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பும் வேண்டும் அன்றோ? பூங்கா என்றால் இரண்டு இருக்கையும் ஓர் ஊஞ்சலும் மட்டுமே என்று பழகிய கண்ணுக்கு வேறு ஒன்றும் தோன்றாது.

கட்டுமானப் பணியிடங்களில் அலுவலகமாக வைக்கப்படும் தகரப் பெட்டக அறை ஒன்றும் அந்நிலத்தில் வந்து நின்றது. அதுவே திட்டமிடும் அலுவலகம். பள்ளி விட்டு வரும் சிறுவரும், நாயோடு உலாவ வருபவரும், வேலை தேடி அலைபவரும் அதனுள் நுழைந்து, முன்பு வந்தவர் செய்துவைத்த மாதிரிகளைப் பார்த்துத் தம் கருத்தையும் சேர்த்தனர். பழந்தமிழர் பொதியில் என வழங்கிய பொது இல்லின் இயல்பு அந்தத் தகர அறைக்கு வாய்த்தது.

வந்து சேர்ந்த விருப்பங்கள் அலுவலகக் கோப்பில் அடங்குபவையாக இல்லை. ஆற்றைப் பார்த்தபடி தேநீர் அருந்தத் தோட்டம் வேண்டும் என்றனர் சிலர். குளிர்நாட்டில் பனைமரம் வேண்டும் என்றனர் வேறு சிலர். செம்புற்றுப்பழ வடிவில் மரவீடு வேண்டும் என்றும் ஒரு விருப்பம் வந்தது; ஸ்ட்ராபெரியையே இங்குச் செம்புற்றுப்பழம் என்கிறோம். நகரத் திட்டமிடுவோரின் அகராதியில் இப்படி ஒன்று இருந்திருக்காது. இத்தகைய விருப்பங்களைச் சிரித்து ஒதுக்காமல் அனைத்தையும் குழுவினர் பதிந்துவைத்தனர். ஒருவரின் விருப்பத்தை மற்றவர் கேட்கும்போது அடுத்த விருப்பம் பிறக்கிறது. நாய் வளர்ப்போர்க்கும் குழந்தையுடன் வருவோர்க்கும் இடையே உள்ள முரண் முன்கூட்டியே வெளிப்பட்டுப் பேசித் தீர்க்கப்படுகிறது. செங்கி 1999ஆம் ஆண்டு இம்முயற்சியைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். விருப்பங்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வரும் என்னும் கருத்தையே அப்படத்தின் தலைப்பு உணர்த்துகிறது.

இத்தனையும் நடந்தும் நிருவாகம் உடனே இணங்கிவிடவில்லை. 1997ஆம் ஆண்டு அப்பகுதியின் மருத்துவமனை மூடப்பட்டபோது மக்கள் பெருந்திரளாக எதிர்த்தனர். பழைய தடுப்பரண்களின் நினைவும் நிருவாகத்துக்கு இருந்தது. விருப்பங்களின் தொகுப்பு மேசைமேல் ஆயத்தமாக இருந்ததும், அதன் பின்னே ஒன்றுபட்ட ஊர் நின்றதும் சேர்ந்தே பேச்சுவார்த்தையைச் சாத்தியமாக்கின. இனிய உரையாடல் மட்டுமே நிலத்தை மீட்டது என்று சொன்னால் அது பாதி உண்மையே ஆகும்.

2002ஆம் ஆண்டு காசல் நகரில் நடைபெற்ற ‘டோக்குமென்டா’ என்னும் உலகப் புகழ்பெற்ற கலைக் கண்காட்சியில் பார்க் ஃபிக்‌ஷன் இடம்பெற்றது. பூங்கா கட்டப்படாத நிலையில், அதன் உரையாடல்களும் வரைபடங்களும் மாதிரிகளும் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு பூங்கா திறக்கப்பட்டது. எஃகால் ஆன பனைமரங்கள் ஆற்றங்கரையில் நிற்கின்றன. பறக்கும் கம்பளம்போல அலையலையாக நெளியும் புல்தரை ஒன்று உண்டு. டூலிப் மலர்க்கோலம் இட்ட விளையாட்டுத் தளத்தில் இளைஞர் பந்தாடுகின்றனர். எல்லா விருப்பங்களும் நிறைவேறிவிடவில்லை. ஆனால் நிறைவேறியவை யாருடைய வாயிலிருந்து வந்தவை என்பது ஊராருக்குத் தெரியும்.

பூங்காவின் மறுபக்கம்

அழகிய பூங்கா அருகே இருந்தால் வீட்டின் மதிப்பு உயரும். இது மனை வணிகத்தின் எளிய விதி. மேட்டுக்குடியாக்கத்தைத் தடுக்க எழுந்த பூங்காவே அப்பகுதியின் ஈர்ப்பைக் கூட்டியது. பூங்காவுக்கு எதிரே வாழ்ந்த குடும்பம் போராடிப் பெற்ற காட்சிக்கே கூடுதல் வாடகை தரநேரும் என்பது எவரையும் உறுத்தும் முரண். இதைக் காரணம் காட்டிப் பூங்காவே வேண்டாம் என்றிருக்கலாமா? அப்படியானால் ஏழை மக்கள் தம் வாடகை உயராமல் இருக்க அழுக்கிலேயே வாழ வேண்டும் என்று பொருள்படும். அம்முடிவை ஏற்க எவரும் ஆயத்தமாக இல்லை. வாடகையைக் கட்டுக்குள் வைக்கும் சட்டமும், கூட்டுறவு வீடுகளும், அரசின் மானிய வீடுகளும் பூங்காவோடு சேர்ந்து வேண்டும் என்பதே அவர்கள் கண்டறிந்தது. வாடகை வீடுகளை விற்பனைக்குரிய தனியுடைமை வீடுகளாக மாற்றுவதற்குத் தனி இசைவு பெறவேண்டும் என்னும் பாதுகாப்பு விதி பிற்பாடு சாங்க்ட் பவுலிக்கும் வந்தது.

இதற்கிடையே மற்றொரு போக்கு வலுப்பெற்றது. படைப்பாற்றல் மிக்கோரை ஈர்க்கும் நகரங்களே பொருளாதாரத்தில் வளரும் என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஃபுளோரிடா 2002ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முன்வைத்தார். உலகின் பல நகர நிருவாகங்கள் அதனைப் பற்றிக்கொண்டன. ஹாம்பர்க் நகரமும் தன் கலைஞர்களையும் இசை அரங்குகளையும் காட்டித் தன்னை ஒரு வணிகப் பெயர்போல விளம்பரம் செய்தது. 2009ஆம் ஆண்டு இசைக்கலைஞர்களும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் ‘எங்கள் பெயரால் வேண்டாம்’ என்னும் பொருள்பட ஓர் அறிக்கை வெளியிட்டனர். கலைஞர்கள் வாழ இடமின்றி வாடகை உயரும் நகரம், அவர்களையே விளம்பரப் பொருளாக்குவதை அவ்வறிக்கை சாடியது. விலையேற்றத்தில் தமக்குள்ள பங்கையும் அவர்கள் மறைக்கவில்லை. தம் தவற்றையும் சேர்த்துச் சொல்லும் அறிக்கையின் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நகர நடுவே எஞ்சியிருந்த பழைய சந்துக் குடியிருப்பில் ஏறத்தாழ 200 கலைஞர்களும் ஆதரவாளர்களும் நுழைந்தனர். ஒரு காலத்தில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குறுஞ்சந்துகளின் இறுதிச் சான்றாக நின்றவை அந்த 12 கட்டடங்கள். முதலீட்டாளர் ஒருவருக்கு அவை விற்கப்பட்டிருந்தன, பெரும்பகுதி இடிபடவிருந்தது. கலைஞர்கள் கண்காட்சிகளை நடத்திக் கதவுகளைத் திறந்துவைத்தனர். நகர மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே நகர நிருவாகம் அக்கட்டடங்களைத் திரும்ப வாங்கியது.

இடிந்த வீடுகளும் திட்டக் குடிலும்

ரீப்பர்பான் அருகே 1960களின் தொடக்கத்தில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் இருந்தன. முன்புறம் பெட்ரோல் நிலையம். அதன் நிறுவனப் பெயராலேயே அவ்வீடுகளை மக்கள் எஸ்ஸோ வீடுகள் என்றழைத்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளோடு கடைகளும் இசை அரங்கும் சேர்ந்திருந்த இடம். இரவு முழுதும் திறந்திருந்த அந்தப் பெட்ரோல் நிலையமே பகுதியின் சந்திப்பிடமாக விளங்கியது. கட்டடம் கைமாறியபின், அதை இடிக்கும் திட்டத்தைக் குடியிருப்போர் பல ஆண்டுகள் எதிர்த்தனர். பழுதுபார்ப்போ நடைபெறவில்லை. 2013 டிசம்பரில் ஓர் இரவு சுவர்கள் அதிர்வதாகக் குடியிருப்போர் தெரிவித்தனர். அந்த இரவிலேயே அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர்கள் மீண்டும் அவ்வீட்டில் வாழவில்லை. 2014ஆம் ஆண்டு கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

வீடுகளைக் காக்கும் போராட்டம் தோற்றது. அந்த மனையில் இனி என்ன எழும் என்னும் வினா மிஞ்சியது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான ஊரார் கூடி, அடுத்த திட்டம் மக்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என முடிவெடுத்தனர். ஷேஃபரும் செங்கியும் கட்டடக் கலைஞர்களும் நகரத் திட்ட வல்லுநர்களும் சமூகப் பணியாளரும் சேர்ந்து ‘பிளான்பூடே’ என்னும் குழுவை அமைத்தனர். திட்டக் குடில் என்பது அதன் பொருள். பார்க் ஃபிக்‌ஷனின் பெட்டியும் தகர அறையும் இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பயன்பட்டன. இம்முறை மாவட்ட நிருவாகமே அக்குழுவுக்குப் பணியை ஒப்படைத்தது என்பது குறிப்பிடத்தக்க மாற்றம்.

இடிந்த மனையின் ஓரத்திலேயே குடில் நின்றது. லெகோ கட்டைகளால் மாதிரிகள் செய்தனர், களிமண்ணில் பிசைந்தனர், இரவில் எவ்விடம் உயிர்ப்போடு இருக்கிறது, எவ்விடம் அச்சம் தருகிறது என வரைபடங்களில் குறித்தனர். ஏறத்தாழ 2,300 பங்களிப்புகள் சேர்ந்தன.

அவற்றைக் குவித்து வைத்தால் ஒரு கட்டடக் கலைஞரால் என்ன செய்ய இயலும்? திட்டக் குடிலின் தேர்ந்த பணி இங்கேதான் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான விருப்பங்களுக்கு அடியில் ஓடிய பொதுப் பண்புகளை அவர்கள் பிரித்தெடுத்து, ‘சாங்க்ட் பவுலி நெறி’ எனத் தொகுத்தனர். ஒரே சீரான பெருங்கட்டடத்தைவிட வேறுபாடுகள் நிறைந்த சிறு அலகுகளே இப்பகுதிக்கு உரியவை என்றது அந்நெறி. விலையுயர்ந்ததைவிட எளியோர்க்கு எட்டுவதே வேண்டும். எதையும் வாங்காமலே அமர்ந்திருக்கக்கூடிய இடம் வேண்டும். ஒழுங்கற்றவை எனப் பிறர் கருதும் முயற்சிகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. தனித்தனி விருப்பம் மறுக்கப்படலாம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பங்களிப்புகளிலிருந்து வடித்தெடுத்த நெறியை மறுப்பது நிருவாகத்துக்கும் உரிமையாளருக்கும் எளிதன்று.

கட்டடக் கலைஞர்களுக்கான போட்டியின் விதிமுறைகளில் அந்நெறி இடம்பெற்றது. ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகள் மானிய வாடகைக்கு உரியவை என்பதும், தனியுடைமையாக விற்கும் வீடுகள் இல்லை என்பதும், கூரைமேல் பொதுமக்களுக்கு இடம் உண்டு என்பதும் திட்டத்தில் உடன்பாடாயின. ஆனால் உடன்பாடு வேறு, கட்டுவது வேறு. இடிப்பு முடிந்து பல ஆண்டுகள் கடந்தபின்னும் அந்த மனை வெற்றிடமாகவே கிடந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வருவதற்கு வீடு எழவில்லை. கட்டுமானச் செலவையும் வட்டியையும் உரையாடல் கட்டுப்படுத்துவதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, காலமும் அவர் கையிலேயே இருக்கிறது. பூங்கா நிலம் நகரத்துக்கு உரியதாக இருந்தது. எஸ்ஸோ வீடுகளின் மனை தனியாருக்கு உரியதாக இருந்தது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரு முயற்சிகளின் பயனையும் ஒப்பிடுவது பொருந்தாது.

எஃகுப் பனைகளின் கீழ்

அந்த மனையிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் பூங்காவை அடையலாம். 2013ஆம் ஆண்டு துருக்கியின் இஸ்தான்புல் நகரில் கெசி என்னும் பூங்காவை அழித்துக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது, சாங்க்ட் பவுலியினர் தம் பூங்காவுக்கு ‘கெசி பார்க் ஃபிக்‌ஷன்’ எனப் புதிய பெயர் சூட்டினர். துருக்கியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அண்டை வீடுகளில் வாழும் இடத்தில் அப்பெயர் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. அதே ஆண்டில், கடல் கடந்து அடைக்கலம் தேடி வந்த ஆப்பிரிக்க அகதிகள் ஏறத்தாழ 80 பேருக்குப் பூங்காவை ஒட்டிய தேவாலயம் தங்குமிடம் தந்தது. ஊரார் உணவும் போர்வையும் கொண்டுவந்தனர். ஒரு துண்டு நிலத்துக்காக முன்பு வீடுவீடாகச் சென்று பழகியவர்களுக்கு, யார் கதவைத் தட்டவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

கோடைக்கால மாலைகளில் அங்கே கூட்டம் மிகுதி. மறுகரையில் கப்பல் பழுதுபார்க்கும் துறையின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. சுற்றுலாப் பயணிகளும் இப்போது வருகின்றனர். அண்டைத் தெருக்களில் வாடகை முன்புபோல் இல்லை. எஃகுப் பனைகளின் கீழ் அமர்ந்து ஆற்றில் கப்பல் போவதைப் பார்ப்பதற்கு மட்டும் அங்கே யாரும் காசு கேட்பதில்லை.